நுரையீரலில் இரண்டு புள்ளிகள்: கத்தியா, குறிவைத்த கதிரா, கீமோவா?

தொடையில் இருந்த சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வழக்கமாக எடுக்கும் சிடி ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. ஒன்று 11 மில்லிமீட்டர், மற்றது 8. நோயாளிக்கு இருமல்கூட இல்லை. அறுவை மருத்துவர் "எடுத்துவிடலாம்" என்கிறார். கதிர்வீச்சு மருத்துவர் "ஐந்து சிட்டிங் போதும், கத்தி வேண்டாம்" என்கிறார். கீமோ தரும் மருத்துவர் "முதலில் மருந்து போட்டுப் பார்ப்போம்" என்கிறார். மூவரும் விவரம் தெரிந்தவர்கள். மூவர் சொல்வதற்கும் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் கூடவே நிற்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு புள்ளியும் எந்த இடத்தில் இருக்கிறது, முதல் கட்டிக்கு எத்தனை நாள் கழித்து வந்தது என்ற இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பாதி முடிவு தானாகவே தெளிந்துவிடும் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கையைவிடக் காலம் முக்கியம்

மென்திசு சார்கோமா என்பது தசை, கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்பின் உறை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான். அந்த ஒரு சதவீதத்துக்குள் 50-க்கும் மேற்பட்ட வகைகள். பெரும்பாலான வகைகள் ரத்தத்தின் வழியே முதலில் நுரையீரலுக்குப் போகின்றன. மிக்ஸாய்டு லைபோசார்கோமா என்ற வகை முதுகெலும்பு, மற்ற மென்திசு என்று வேறு இடங்களையும் தேடும். ஆகவே அந்த வகைக்காரர்கள் நுரையீரல் ஸ்கேனோடு நிறுத்தாமல் முதுகெலும்பு எம்ஆர்ஐயும் எடுத்த பிறகுதான் "இரண்டே இடம்" என்று சொல்ல முடியும். (வயிற்றில் வரும் ஜிஸ்ட் கட்டி இந்தக் கணக்கில் சேராது. அதற்கு இமாடினிப் மாத்திரை என்ற தனிப் பாதை இருக்கிறது.)

ஒரே இடத்தில் நிற்கும் நோய்க்கும் உடம்பெங்கும் பரவிய நோய்க்கும் நடுவே ஒரு கட்டம் உண்டு என்று ஹெல்மன், வைக்செல்பாம் என்ற இருவர் 1995-இல் எழுதினார்கள். ஆலிகோமெட்டாஸ்டாசிஸ் என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். இன்று 1 முதல் 5 புள்ளிகள் வரை இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள். ஆனால் இந்த எண்ணிக்கை ஸ்கேன் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே. தெரியாமல் எத்தனை உள்ளே இருக்கின்றன என்பதற்குச் சாட்சி சொல்வது காலம்.

நுரையீரல் பரவல்களை அறுவையில் எடுத்த 5206 பேரின் விவரத்தைத் திரட்டிய சர்வதேசப் பதிவேடு ஒன்று 1997-இல் வெளியானது. பல வகைப் புற்றுநோய்கள் அதில் இருந்தன, சார்கோமாவும் கணிசமாக இருந்தது. எல்லாப் புள்ளிகளையும் முழுமையாக எடுக்க முடிந்தவர்களில் 36 சதவீதம் பேர் 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். முழுமையாக எடுக்க முடியாதவர்களில் 13 சதவீதம். முதல் கட்டிக்கும் பரவலுக்கும் இடையே 36 மாதமோ அதற்கு மேலோ ஆனவர்களும், ஒரே புள்ளி உள்ளவர்களும் நன்றாக இருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெதுவாக நகரும் நோய் உள்ளவர்களைத்தான் மருத்துவர்கள் அறுவைக்கே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததில் கத்தியின் பங்கு எவ்வளவு, நோயின் சுபாவத்தின் பங்கு எவ்வளவு என்று அந்தப் பதிவேட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

அதனால் காத்திருந்து பார்ப்பதும் ஒரு தேர்வுதான். முதல் சிகிச்சை முடிந்து நாலைந்து மாதத்திலேயே புள்ளிகள் வந்திருந்தால், இரண்டு மாதம் விட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லும் மருத்துவரைக் குடும்பங்கள் அலட்சியக்காரர் என்று நினைத்துவிடுகின்றன. அந்த இரண்டு மாதத்தில் இரண்டு ஒன்பதாகிவிட்டால், பயன் தராத ஓர் அறுவையின் வலியிலிருந்து அவர் நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறார். இரண்டு இரண்டாகவே நின்றால், இனி அந்த இடங்களைத் தனித்தனியாகத் தாக்குவதில் அர்த்தம் இருக்கிறது.

குறிவைத்த கதிர் என்ன செய்கிறது

ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு, சுருக்கமாக எஸ்பிஆர்டி. மூளைக்கு மட்டும் செய்துகொண்டிருந்த துல்லியக் கதிர்வீச்சை, 1990-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் பிளோம்கிரென், லாக்ஸ் ஆகியோர் உடம்பின் மற்ற பாகங்களுக்கும் கொண்டுவந்தார்கள். பல கோணங்களிலிருந்து மெல்லிய கற்றைகள் வந்து ஒரே புள்ளியில் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் டோஸ் மிக அதிகம், சில மில்லிமீட்டர் தள்ளினால் சரசரவென்று இறங்கிவிடும்.

"சார்கோமா கதிருக்கு மசியாது" என்ற பேச்சை நோயாளிகள் அடிக்கடி கேட்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். வழக்கமான கதிர்வீச்சில் 25 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 2 கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு), மொத்தம் 50. எஸ்பிஆர்டியில் 5 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 10 கிரே, அதுவும் மொத்தம் 50. கூட்டினால் ஒன்றுதான், திசுவுக்குள் நடப்பது வேறு. மொத்த டோஸை, ஒன்றோடு ஒரு சிட்டிங் டோஸை 10-ஆல் வகுத்துக் கூட்டிய எண்ணால் பெருக்குவது மருத்துவ இயற்பியலாளர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் முதலாவது 60, இரண்டாவது 100. நுரையீரல் கட்டிகளுக்கு இந்த எண் 100-ஐத் தொட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

அந்த 10 என்பது சாதாரணக் கட்டிகளுக்கான எண். பல சார்கோமாக்களுக்கு அது 4 அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது முதலாவது 75, இரண்டாவது 175. இந்தச் சூத்திரம் பெரிய டோஸ்களில் கொஞ்சம் மிகைப்படுத்தும் என்பது உண்மை. இருந்தாலும் போக்கு தெளிவு: சிறு சிறு டோஸுக்கு மசியாத செல், ஒரே தடவையில் விழும் பெரிய அடிக்கு மசிகிறது. நுரையீரல் சார்கோமாப் புள்ளிகளுக்கு எஸ்பிஆர்டி கொடுத்த தொகுப்புகளில், கதிர் பட்ட புள்ளி இரண்டு வருடம் வரை மறுபடி வளராமல் நின்றது சுமார் 85 முதல் 95 சதவீதம். அவை பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த சிறிய தொகுப்புகள். புள்ளி அடங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

மிக்ஸாய்டு லைபோசார்கோமா இதற்கு விதிவிலக்கு. அது கதிருக்கு அவ்வளவு எளிதில் கரையும். அறுவைக்கு முன் கொடுக்கும் 50 கிரேயை 36 ஆகக் குறைத்தும் ஓர் ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது. அந்த வகையாக இருந்தால் கதிர்வீச்சு மருத்துவரின் பேச்சுக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

அதே கணக்கு பக்கத்திலிருக்கும் நல்ல திசுவுக்கும் பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு துல்லியம் தேவைப்படுகிறது. உடம்புக்கு ஏற்ற மெத்தை அச்சில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, மூச்சோடு புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று தனியாக ஒரு சிடி எடுப்பார்கள். தோள்பட்டை வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரம் கையைத் தூக்கியபடி அசையாமல் கிடப்பது சொல்வதைப் போல சுலபம் இல்லை. மற்றபடி மயக்க ஊசி கிடையாது, படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை, முடிந்ததும் நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

கத்தியின் பக்கம் நின்று பார்த்தால்

அறுவை கொடுக்கும் பெரிய விஷயம், எடுத்த துண்டு. 8 மில்லிமீட்டர் புள்ளி புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம், வேறு தொற்றின் மிச்சமாக இருக்கலாம். துண்டு பரிசோதனைக்குப் போனால் சந்தேகம் தீரும். நோய்தான் என்றால் அதன் இப்போதைய குணமும் தெரியும். கதிரில் இது கிடைக்காது. திசுச் சோதனை இல்லாமல், ஸ்கேனில் வளர்வதை மட்டும் வைத்துக் கதிர் கொடுக்கும்போது, இல்லாத நோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் அபாயம் சிறிதளவேனும் இருக்கிறது.

நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் இரண்டு மூன்று புள்ளிகளை, சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்துவிடலாம். சில நாள் மருத்துவமனை, சில வாரம் வலி. புள்ளி ஆழத்தில் இருந்தால் கதை மாறும். ஒரு சென்டிமீட்டர் புள்ளிக்காக நுரையீரலின் ஒரு பெரிய பாகமான மடலையே எடுக்க வேண்டிவரலாம். சார்கோமா திரும்பத் திரும்ப வரும் நோய் என்பதால், இன்று இழக்கும் மடல் அடுத்த தடவை தேவைப்படும். இரண்டாவது, மூன்றாவது அறுவையில் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுப்பதே பெரிய வேலை.

"அறுவை நிரூபிக்கப்பட்டது, கதிர் புதுசு" என்று சொல்வதைக் கேட்கிறோம். அனுபவத்தில் அறுவை மூத்தது, சரி. ஆனால் சார்கோமாவின் நுரையீரல் பரவலை வெட்டினால் ஆயுள் கூடுகிறது என்பதைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்த பெரிய ஆய்வு அறுவைக்கும் இல்லை. கதிரின் பக்கம் பல வகைப் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த சின்ன ஆய்வு ஒன்று உண்டு, சாபர்-காமெட் என்று பெயர். 1 முதல் 5 புள்ளிகள் உள்ள 99 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5 வருடத்தில் 17.7 சதவீதமும், கூடவே குறிவைத்த கதிரும் பெற்றவர்களில் 42.3 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலோர் மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் நோயாளிகள். கதிர் பெற்ற 66 பேரில் 3 பேரின் மரணத்துக்குச் சிகிச்சையே காரணமாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அப்புறம், மார்பகப் புற்றுக்கு மட்டும் இதே கேள்வியைச் சோதித்த என்ஆர்ஜி-பிஆர்002 ஆய்வில் எஸ்பிஆர்டி சேர்த்ததால் பலன் தெரியவில்லை. ஒரு நோயின் எண்ணை இன்னொரு நோய்க்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். உடல் தெம்பாக இருக்கிறது, பரவல் முதல் தடவை, ஓரத்தில் ஒன்று முதல் மூன்று புள்ளிகள், நோய் வரக் காலம் எடுத்திருக்கிறது என்றால் அறுவையையே முதலில் யோசிப்பேன். அந்தத் துண்டு தரும் தகவல் அவ்வளவு மதிப்புள்ளது. இரண்டாவது தடவை, ஆழமான புள்ளி, மூச்சுத் திறன் குறைவு, மயக்கம் தாங்காத இதயம் – இதில் ஒன்று இருந்தாலும் கதிரின் பக்கம் சாய்வேன். இரண்டையும் கலப்பதற்கும் தடை இல்லை. ஓரத்துப் புள்ளியை வெட்டி எடுத்துவிட்டு ஆழத்துப் புள்ளிக்குக் கதிர் கொடுக்கலாம். இந்தக் கலப்புத் திட்டம், அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஸ்கேனைப் பார்த்தால்தான் பிறக்கும். டியூமர் போர்டில் (எல்லாத் துறை மருத்துவர்களும் சேர்ந்து பேசும் கூட்டத்தில்) வைத்துப் பேசினார்களா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

கதிர் போகக் கூடாத இடங்கள்

மூச்சுக்குழாயின் பெரிய கிளைகளைச் சுற்றி 2 சென்டிமீட்டர் பகுதியைக் கதிர்வீச்சு மருத்துவர்கள் பயத்தோடுதான் பார்க்கிறார்கள். 3 சிட்டிங்கில் 60 முதல் 66 கிரே வரை கொடுத்த ஆய்வு ஒன்றில், அந்தப் பகுதிக்குள் கட்டி இருந்தவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வரும் அபாயம் 11 மடங்கு என்று 2006-இல் தெரியவந்தது. அதற்குப் பிறகு நடுப்பகுதிக்கு 5 அல்லது 8 சிட்டிங்காகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. பெரிய குழாயை ஒட்டியே இருக்கும் கட்டிக்கு அதுவும் போதாது. நார்டிக் நாடுகளில் நடந்த ஹிலஸ் ஆய்வில் 8 சிட்டிங்கில் 56 கிரே கொடுத்த 65 பேரில் 10 பேர் சிகிச்சையால் இறந்ததாகக் கருதப்பட்டது. பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்கசிவு. ஆகவே "கதிர் என்றால் பக்கவிளைவு இல்லை" என்று யாராவது சொன்னால், புள்ளிக்கும் மூச்சுக்குழாய்க்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று திருப்பிக் கேளுங்கள்.

வயிற்றுக்குள் குடலை ஒட்டிய புள்ளியும் இதே மாதிரிதான். குடல் ஓட்டையாகும் ஆபத்து உண்டு, பாசோபானிப் போன்ற ரத்தக்குழாய்த் தடுப்பு மாத்திரை கூடவே ஓடினால் அது கூடும். ஓரத்துப் புள்ளிகளில் விலா எலும்பு வலியும் சில மாதம் கழித்து வரும் விலா முறிவும் தொல்லை தரும், உயிருக்கு ஆபத்தில்லை.

முதுகெலும்பில் இருந்தால்

இங்கே என் வரிசை தலைகீழாகும். முதுகெலும்பில் உள்ள பரவலை முழுதாக வெட்டி எடுப்பது மிகப் பெரிய அறுவை. கதிரே முதல் தேர்வு. பல வகைப் புற்றுநோயாளிகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வில், 2 சிட்டிங்கில் 24 கிரே என்ற குறிவைத்த முறை பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் வலி முழுமையாக நின்றது. 5 சிட்டிங்கில் 20 கிரே என்ற வழக்கமான முறையில் 14 சதவீதம். ஆனால் கட்டிக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடம் வேண்டும். கட்டி தண்டுவடத்தை அமுக்கிக்கொண்டிருந்தால் முதலில் சிறிய அறுவையில் அந்த இடைவெளியை உண்டாக்கி, பிறகு கதிர் கொடுப்பார்கள். எலும்பு நொறுங்கும் நிலையில் இருந்தால் கதிர் அதைத் தாங்கிப் பிடிக்காது, முதலில் எலும்பை நிலைநிறுத்த வேண்டும்.

கீமோவும் ஊசிமுனைச் சூடும்

விரிவாகப் பரவிய சார்கோமாவுக்கு டாக்ஸோரூபிசின் பல வருடமாக அடிப்படை மருந்து. 2014-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அந்த மருந்து மட்டும் கொடுத்தபோது 14 சதவீதம் பேருக்குத்தான் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஐஃபோஸ்ஃபமைடு என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தபோது 26 சதவீதம். ஆயுளில் உறுதியான வித்தியாசம் இல்லை. இவர்கள் இரண்டு புள்ளிக்காரர்கள் இல்லை, நோய் முற்றியவர்கள். ஆனாலும் மருந்து மட்டும் புள்ளிகளை நீண்ட நாள் அடக்கும் என்று நம்ப இந்த எண்கள் இடம் தரவில்லை.

பரவல் மிக வேகமாக வந்திருந்தால், புள்ளிகள் ஐந்தைத் தாண்டினால், அல்லது சைனோவியல் சார்கோமா போல மருந்துக்கு ஓரளவு இணங்கும் வகையாக இருந்தால் கீமோவை முதலில் வைப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு நான் பெரிதாகக் கருதுவது, கீமோவைத் தள்ளிப்போடும் வாய்ப்பை. டாக்ஸோரூபிசினுக்கு வாழ்நாள் வரம்பு இருக்கிறது, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். அதைத் தாண்டினால் இதயம் கெடும் ஆபத்து கூடும். இரண்டு புள்ளிக்காக இன்று செலவழிக்கும் டோஸ், நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது கையில் இருக்காது. கதிரால் ஒரு வருடம் கீமோ இல்லாமல் வேலைக்குப் போய்வர முடிந்தால் அதுவே பெரிய லாபம். ஏற்கெனவே ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து ஓடிக்கொண்டிருந்தால் கதிர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நடுவே இடைவெளி விடாவிட்டால் நுரையீரல் அழற்சி மோசமாகும்.

ஊசியை உள்ளே விட்டுச் சூடாக்கியோ உறைய வைத்தோ அழிக்கும் முறை 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த புள்ளிக்கு நல்லது. அதே ஊசி வழியில் திசுச் சோதனையும் செய்யலாம், பிறகு திரும்பவும் செய்யலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது அடிக்கடி நடக்கும், சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும். பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் ஓடும் ரத்தம் சூட்டை எடுத்துப் போய்விடும், ஓரம் வேகாமல் மிஞ்சும்.

கதிர் முடிந்த பிறகு

முதல் ஸ்கேன் சுமார் மூன்று மாதத்தில் எடுப்பார்கள். அதில் புள்ளி மறைந்திருக்காது. சுற்றிலும் வெள்ளையாகப் படர்ந்து, முன்பைவிடப் பெரிதாகவே தெரியலாம். அது பெரும்பாலும் கதிர் பட்ட நுரையீரலின் தழும்பு. ரிப்போர்ட்டில் "நோய் கூடியுள்ளது" என்று எழுதிவிட்டால் வீடு இடிந்து போகும். அந்தப் படத்தை டோஸ் வரைபடத்தோடு வைத்துப் பார்க்கும்படி கதிர்வீச்சு மருத்துவரிடமே கேளுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று ஸ்கேனில் வளர்ந்துகொண்டே போனால்தான் கவலை. அறுவைக்குப் பிறகு இந்தக் குழப்பம் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சு வாங்கல் வந்தால் கதிர் தந்த அழற்சியாக இருக்கலாம். சாதாரணச் சளி என்று ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டிருக்காமல், நெஞ்சில் கதிர் கொடுத்த விவரத்தைப் பார்க்கும் மருத்துவரிடமெல்லாம் சொல்ல வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

அப்புறம், சிகிச்சை முடியும் அன்றே கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த இடத்துக்கு, எத்தனை கிரே, எத்தனை சிட்டிங் என்ற சுருக்கத் தாளும், கணினியில் போட்ட திட்டத்தின் முழுக் கோப்பும். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், மூன்று வருடம் கழித்துப் பக்கத்திலேயே புதிதாக ஒரு புள்ளி வந்தால், அங்கே கதிர் கொடுக்கலாமா கூடாதா என்று அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அது இல்லாததால் கிடைக்க வேண்டிய சிகிச்சை கை நழுவிப் போகக் கூடாது. ஸ்கேன் படங்களோடு அதையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.